கண்டறியாத ஸ்மூதி

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவன் நான். பாராளுமன்ற விவாதங்களையும் வரவு செலவுத் திட்டங்களையும் முறிந்துபோன பேச்சுவார்த்தைகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பழம் அரைக்கும் இயந்திரம் ஒன்றை எவ்வாறு தெரிவு செய்வது என்று எழுதவேண்டிய நாளொன்று வருமென ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் கடந்த ஆண்டின் முற்பகுதியில், அதாவது 2025 ஜனவரியில், வேறெந்தச் செய்திக்கும் செலவிடாத அளவு நேரத்தை அந்த ஒரு பொருளைப் பற்றிய விசாரணையில் நான் செலவிட்டேன். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த சகோதரிக்கு இப்போது வயது எண்பத்திரண்டு. தாயை இளவயதிலேயே இழந்த எங்கள் வீட்டில், என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. 2024 நவம்பரில் கரவெட்டியில் இருந்தபோது அவருக்குப் பாரிசவாதம் ஏற்பட்டது. உயிர் தப்பியது. வலது கை தளர்ந்தது, பேச்சு மெதுவானது. டிசம்பரில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு அவரை அழைத்து வந்தோம். கையையும் பேச்சையும் பற்றியே நாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். விழுங்குவதில் அவருக்கிருந்த சிரமம் எவ்வளவு பாரதூரமானது என்பதை எவரும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை.

வந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு தவறு செய்தேன். உடம்பு தேறட்டும் என்று எண்ணி, பப்பாசி, கதலி வாழைப்பழம், ஒரு கைப்பிடி வல்லாரை, ஒரு கோப்பை பால் ஆகியவற்றை எங்கள் பழைய மிக்ஸியில் போட்டு அரைத்துக் கொடுத்தேன். அந்த மிக்ஸி 2004 ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்றபோது நான் வாங்கிவந்தது. 550 வாற் வலுவுடையது. சட்னிக்கும் மசாலாவுக்கும் இன்றுவரை குறை வைக்காதது. இரண்டாவது மிடறில் அக்காவுக்குப் புரையேறியது. சாதாரணப் புரையேறல் அன்று. முகம் கறுத்து, கண்கள் செருகி, மூச்சுக்காக அவர் தவித்த அந்த ஒன்றிரண்டு நிமிடங்களை நான் மறக்கப்போவதில்லை. அன்றிரவே காய்ச்சல் கண்டது. நான்கு நாட்கள் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. விழுங்கும் உணவோ நீரோ வழிதவறி நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா உண்டாகலாம் என்றும், இந்த வயதில் அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் வைத்தியர் எடுத்துச் சொன்னார். அவர் என்னைக் குற்றஞ் சொல்லவில்லை. குற்றத்தை நானே சுமந்துகொண்டேன்.

அங்கு பணியாற்றிய பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் எனக்கு ஆசிரியரானார். பேச்சைத் திருத்துபவர்களே விழுங்கலையும் கவனிப்பவர்கள் என்பதை எழுபது வயதைத் தாண்டிய பிறகே நான் அறிந்தேன். விழுங்கும் சிரமம் உடையோருக்கான உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரையான படிகளாகப் பிரிக்கும் சர்வதேச முறையொன்று உண்டு. தண்ணீர் பூச்சியப் படி. நாம் வழமையாக உண்ணும் சோறு கறி ஏழாம் படி. அக்காவைப் பரிசோதித்தபின் அவருக்கு உகந்தது நான்காம் படி என்று தீர்மானித்தார்கள். மென்றுண்ணத் தேவையில்லாத, கட்டியோ நாரோ தோலோ இல்லாத, கரண்டியில் எடுத்தால் வடிவம் குலையாமல் நிற்கும் களி அது.

அதனைச் சோதிக்க ஆய்வுகூடம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு முள்ளுக்கரண்டியும் ஒரு சாதாரணக் கரண்டியும் போதும். முள்ளுக்கரண்டியில் எடுத்தால் அது மேட்டுப்போல மேலே நிற்கவேண்டும். இடைவெளிகளின் கீழே சிறிது வால்போல் தொங்கலாம்; ஆனால் தொடர்ந்து சொட்டக்கூடாது. கரண்டியில் எடுத்துச் சரித்தால் முழுவதும் ஒரேயடியாக விழவேண்டும். பசைபோல் ஒட்டிக்கொண்டும் நிற்கக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வைத்திருக்கும்போது நீர் வேறாகவும் சக்கை வேறாகவும் பிரியக்கூடாது. நான் கொடுத்த பானம் இந்தச் சோதனைகளில் எதிலும் தேறியிராது. பால் தண்ணீராய் ஓடியது. வல்லாரைத் தண்டின் நார் அதற்குள் நீந்தியது. அக்காவின் தொண்டை இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருந்தது.

“அப்படியானால் ஸ்மூதியே கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அது உண்மையிலேயே ஸ்மூத்தாக இருக்கவேண்டும்” என்றார் அந்த இளம் பெண் சிரித்தபடி. பெயரிலேயே விடை இருந்தது. பத்திரிகைக்காரனான எனக்குத்தான் அது தெரியவில்லை.

ஸ்மூதி என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்ற கேள்வி எனக்குள் எழாமலில்லை. பழச்சாறு என்றால் சக்கை நீக்கியது. கூழ் என்றால் எங்கள் ஊரில் மீனும் நண்டும் ஒடியல் மாவும் சேர்ந்த வேறொரு உலகம். கஞ்சி என்றால் காய்ச்சியது. பழத்தை முழுதாக, நாரோடும் சதையோடும் மசித்துக் குழைத்த பானத்துக்கு எம்மிடம் தனிச்சொல் இருந்ததாகத் தெரியவில்லை. அக்காவோ அந்தப் பிரச்சினையை ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார். “கண்டறியாத ஸ்மூதி!” என்றார். வைத்தியசாலையிலிருந்து திரும்பியபின் அவர் முழுமையாகப் பேசிய முதல் வசனம் அதுவாகவே இருந்தது.

ரொறன்ரோவில் வசிக்கும் அவருடைய மகன், அதாவது என் மருமகன், நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பான். குடும்பச் சூழலாலும் வேலையாலும் உடனே வரமுடியாத நிலை அவனுக்கு. வரமுடியாத பிள்ளைகள் பொருட்களை அனுப்ப விரும்புவார்கள். அதைக் குறைவாக நான் சொல்லவில்லை, அந்த அன்புக்கு வேறு வழியில்லை.

“மாமா, நான் எங்கட வைற்றாமிக்ஸை அனுப்பிவிடுறன். உலகத்திலயே திறமான சாமான். அம்மாவுக்கு அதிலை அடிச்சுக் குடுங்கோ” என்றான்.

“அதின்ரை அடியிலை ஒரு தகடு இருக்கும். அதிலை என்ன எழுதிக் கிடக்கு எண்டு வாசி, பாப்பம்” என்றேன்.

அவன் கவிழ்த்துப் பார்த்து வாசித்தான்: 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், 11.5 அம்பியர். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கரித் தூரிகை கொண்ட இத்தகைய மோட்டர்களுக்கு 50க்கும் 60க்கும் உள்ள வேறுபாடு பெரிய இடைஞ்சலன்று, வோல்ற்றளவுதான் இடைஞ்சல். நேரே செருகினால் சில கணங்களில் எரிந்துவிடும். இடையே வோல்ற்றைக் குறைக்கும் மாற்றி ஒன்றை வைக்கலாம். ஆனால் அவ்வளவு வலுவைத் தாங்கும் மாற்றி, இயந்திரத்தைவிடக் கனமானதாக இருக்கும். அது சமையலறையின் ஒரு மூலையை முழுமையாகப் பிடித்துக்கொள்ளும். பழுது வந்தால் திருத்துவதற்கு ரொறன்ரோவுக்கா அனுப்புவது? புலம்பெயர் நாடுகளிலிருந்து பெற்றோருக்கு மின்சாதனம் அனுப்ப நினைப்பவர்கள், அதிலும் குறிப்பாகக் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள், பொதி கட்டுவதற்கு முன்னர் அந்தத் தகட்டை ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்போருக்கு வோல்ற் பிரச்சினை இல்லை. பிளக் மட்டுமே வேறுபடும்.

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். “அப்ப நான் என்னத்தைத்தான் செய்யிறது மாமா?” என்றான். அந்தக் கேள்வி பிளெண்டரைப் பற்றியதன்று என்பது எனக்குத் தெரியும். “காசை அனுப்பு. நான் இஞ்சை பாத்து வாங்கிறன்” என்றேன். அந்தப் பொறுப்பை ஏற்றபின் சும்மா இருக்க முடியுமா? அடுத்த இரு வாரங்கள் நான் மீண்டும் ஒரு நிருபரானேன்.

இந்த இயந்திரத்தின் வரலாறு நான் எண்ணியதைவிடச் சுவையானது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி என்பவர் 1922 இல், பாற்பானங்கள் கலக்குவதற்காக, பாத்திரத்தின் அடியில் சுழலும் அலகை வைத்தார். 1930களின் பிற்பகுதியில் பிரெட் வேரிங் என்ற இசைக்குழுத் தலைவரின் பெயரில் அது அமெரிக்கா எங்கும் பரவியது. 1952 இல் ஹேர்ஷி, சேஸ் என்ற இரு விஞ்ஞானிகள், பரம்பரைத் தகவலைச் சுமப்பது டி.என்.ஏ.யே என்பதை உறுதிப்படுத்திய புகழ்பெற்ற பரிசோதனையில் பயன்படுத்தியதும் சமையலறைப் பிளெண்டர் ஒன்றைத்தான். எமது பக்கத்து நாட்டின் கதை இன்னும் நெருக்கமானது. வெளிநாட்டு மிக்ஸி இந்தியச் சமையலுக்கு ஈடுகொடுக்காமல் எரிந்துபோக, மாதுரி மாத்தூர் என்ற பெண்மணியின் கணவரான பொறியியலாளர் சத்யப்பிரகாஷ் மாத்தூர் புதிதாக ஒன்றை வடிவமைத்தார். 1960களில் பிறந்த ‘சுமீத்’ மிக்ஸியின் கதை அது. ஒரு வீட்டில் ஒருவருக்கு என்ன தேவை என்பதிலிருந்தே அந்த நல்ல இயந்திரம் பிறந்தது. இதனை நான் பின்னர் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

இனி, வலுவைப் பற்றிய புளுகுகளுக்கு வருவோம். பிளெண்டர் விற்பவர்கள் ‘இரண்டு குதிரைவலு’, ‘மூன்று குதிரைவலு’ என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். ஒரு குதிரைவலு என்பது ஏறக்குறைய 746 வாற். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உச்ச வலு; மோட்டர் ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய அளவு. தொடர்ந்து வேலை செய்யும்போது உள்ள வலு அதனினும் குறைவு. ஆகவே பெட்டியில் உள்ளதை விடுத்து அடித்தகட்டில் உள்ள வாற் அளவையே பார்க்கவேண்டும்.

அந்தத் தகடும் சில வேளைகளில் பொய் சொல்லும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், கைக்கடக்கமான விலையில் ‘6000 வாற்’ என்று எழுதிய பிளெண்டர் ஒன்றைக் கண்டேன். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 6000 வாற்றை 230 ஆல் வகுத்தால் 26 அம்பியர். நம் சமையலறைச் சுவரிலுள்ள சதுர முள் பிளக்கின் எல்லையே 13 அம்பியர்தான். அதாவது சுமார் 3000 வாற். அந்தப் பிளெண்டர் உண்மையில் அவ்வளவு வலுவை இழுக்குமாயின் பிளக்கின் உருகி முதலில் போய்விடும். பழைய வீடுகளில் இன்னமும் எஞ்சியிருக்கும் 5 அம்பியர் வட்ட முள் குதையோ 1150 வாற்றுக்கு மேல் தாங்காது. உண்மையான வலுமிக்க பிளெண்டரை அதில் மாட்டுவது வீட்டுக்கே ஆபத்து. இரண்டு எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் பாதி விளம்பரங்கள் தாமாகவே விழுந்துவிடுகின்றன.

எவ்வளவு வலு போதும்? என் விசாரணையில் கண்டது இதுதான். பழுத்த வாழைப்பழம், பப்பாசி, ஆனைக்கொய்யா, தயிர் ஆகியவற்றுக்கு 500 அல்லது 600 வாற் தாராளமாகப் போதும். அவற்றை மட்டுமே அரைப்பவர்கள் பெரும் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. முருங்கையிலை, வல்லாரைத் தண்டு, அன்னாசி, இஞ்சி, கடின விதைகள் போன்றவற்றை நாக்கில் தட்டாத அளவுக்குப் பொடிக்கவேண்டுமாயின் 1200 முதல் 1500 வாற் வரை வேண்டும். சுற்றும் வேகம் மட்டும் காரணமன்று. பாரம் ஏறும்போது வேகம் விழாமல் தாங்குவதே வலுவின் பயன். இத்தகைய இயந்திரங்களின் அலகுகள் கத்திபோல் கூரானவையுமல்ல. தடித்த அலகு அடித்து நொறுக்குகிறது, வெட்டுவதில்லை.

சாடியின் வடிவமும் வலுவுக்குச் சமமாக முக்கியம். அடி ஒடுங்கி மேல் அகன்ற சாடியில் நடுவே ஒரு சுழி உண்டாகி, மேலுள்ளதைக் கீழே இழுக்கிறது. என் பழைய மிக்ஸியில் இலைகள் மேற்பரப்பிலேயே வட்டமிட்டதன் காரணம் அப்போது விளங்கியது. அது குறைந்த நீரில் தேங்காயும் மிளகாயும் அரைக்கப் பிறந்தது. அதனைக் குறை சொல்வது நியாயமன்று. ஆனால் நான்காம் படிக் களி தடிப்பானது. தடிப்பான பொருளில் அலகைச் சுற்றி ஒரு காற்றுக்குமிழி உருவாகி, மோட்டர் இரைய, எதுவும் அரைபடாமல் நிற்கும். அதனை உடைப்பதற்கு மூடியின் துவாரத்தினூடே இறக்கிக் குத்தும் தடி ஒன்று சில இயந்திரங்களோடு வரும். அது அலகைத் தொடாத அளவில் செய்யப்பட்டது. அந்தத் தடி இல்லாதவற்றை என் பட்டியலிலிருந்து நீக்கினேன். தண்ணீர் ஊற்றித் தளர்த்தி அரைக்கும் வசதி மற்றவர்களுக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை.

பட்டியலில் மூன்று எஞ்சின. மூன்றாவது தடவை கடைக்குச் சென்றபோது என் துணிப்பையில் ஒரு கட்டு வல்லாரை, அரைப் பப்பாசி, வீட்டு முள்ளுக்கரண்டி, கரண்டி ஆகியவை இருந்தன. கடை முதலாளி சில கணங்கள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். விடயத்தைச் சொன்னேன். “என்ட உம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்திச்சு சேர்” என்று சொல்லிவிட்டு, மூன்று பெட்டிகளையும் தாமே பிரித்து மேசையில் வைத்தார். கழுவுவதற்கு வாளியில் தண்ணீரும் கொண்டுவரச் செய்தார். மூன்றிலும் அரைத்து, மூன்று கோப்பைகளில் ஊற்றி, கால் மணி நேரம் காத்திருந்தோம். விலை கூடியதன் கோப்பையில் மேலே ஒரு விரல் நுரை நின்றது. சிறிது நேரத்தில் கீழே நீர் பிரிந்தது. நடுத்தர விலையிலுள்ள, 1400 வாற் என்று குறித்த ஒன்றே பிரியாமல், சொட்டாமல், நாவில் ஒரு நாரும் தட்டாமல் நின்றது. எல்லா வேளைகளிலும் அவ்வாறே அமையும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் விலையை நம்பாமல் கரண்டியை நம்பியது நல்லதாயிற்று. இரண்டு வருட உத்தரவாதமும், கரித் தூரிகையும் அடி ரப்பர் வளையமும் கொழும்பிலேயே கிடைக்கும் என்ற உறுதியும் அதனோடிருந்தன. அதன் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. நீங்கள் வாழும் ஊரில் அது வேறொன்றாக இருக்கும்.

எல்லாவற்றையும் விசாரித்தேன் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன்.

அன்று மாலை, அக்கா சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்க, அருகேயிருந்த மேசையில் வைத்து இயந்திரத்தை முடுக்கினேன். அடுத்த கணம் அவருடைய இடக்கை கதிரைச் சட்டத்தை இறுகப் பற்றியது. உடல் முழுவதும் குனிந்து ஒடுங்கியது. நிறுத்தினேன். மெல்ல நிமிர்ந்து கேட்டார்: “தம்பி... உது என்ன... பொம்பர் மாதிரி?”

யுத்த காலம் முழுவதும் அவர் வடமராட்சியில் இருந்தார். நான் கொழும்பில், பத்திரிகை அலுவலகத்தில், குண்டு வீச்சுச் செய்திகளுக்குத் தலைப்பிட்டுக்கொண்டிருந்தேன். விமானத்தின் இரைச்சலை அவர் கேட்டார். நான் அதனை எழுத்தில் கண்டேன். வலுமிக்க பிளெண்டர் அருகில் நிற்பவர் பேச்சைக் கேட்கமுடியாத அளவுக்கு இரையும் என்று பல இடங்களில் வாசித்திருந்தேன். அந்த ஓசை வந்து விழப்போகும் காதுகள் எவருடையவை என்பதை நான் சிந்திக்கவில்லை. அன்று முதல் அந்த இயந்திரம் பின்பக்கச் சமையலறையில், தடித்த ரப்பர் விரிப்பின் மேல், கதவு சாத்தப்பட்டபின்தான் இயங்குகிறது. முடுக்குமுன் நான் அவரிடம் வந்து, “அக்கா, இப்ப போடப்போறன்” என்று சொல்லிவிட்டுச் செல்வேன். அவர் தலையசைப்பார். எதிர்பார்த்திருக்கும் சத்தம் அவ்வளவு அச்சுறுத்துவதில்லை.

சில வாரங்களில் கைப்பழக்கம் வந்தது. பாலோ தயிரோ முதலில், மென்மையான பழம் அடுத்து, இலையும் கடினமானவையும் மேலே என்ற வரிசையில் போட்டால் அலகு சிக்காமல் சுழல்கிறது. மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டவேண்டும். தேவைக்கு மேல் ஓடவிட்டால் உராய்வினால் சூடேறும்; வலுமிக்கவை ஐந்தாறு நிமிடங்களில் சூப்பையே சுடவைத்துவிடும். பனிக்கட்டி சேர்ப்பதில்லை; அது உருகும்போது களி தண்ணீராகிவிடும். தடிப்புக்குச் சோற்றுக்கஞ்சி சேர்த்த நாட்களில் வேறொன்றைக் கவனித்தேன். வாயில் வைத்த கரண்டியை மீண்டும் கோப்பையில் இட்டால், உமிழ்நீர் மாப்பொருளைக் கரைத்துக் களியை இளக்கிவிடுகிறது. ஆதலால் சிறிய கோப்பையில் சிறிது சிறிதாக எடுத்துவைக்கிறோம். நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் அப்படியே இருக்கவிடுகிறோம். குருதி உறையாமல் தடுக்க வோர்ஃபரின் எடுப்பவர்களுக்கு, திடீரென்று கீரை வகைகளை அதிகரிக்கவேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்வதுண்டு. அதனையும் கேட்டறிந்துகொள்வது நல்லது. இவை அக்காவுக்குச் சொல்லப்பட்டவை. உங்கள் வீட்டில் எவருக்காவது இத்தகைய சிரமம் இருந்தால், என் எழுத்தை நம்பாமல் அவரை ஒருமுறை உரியவர்களிடம் காட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் அக்கா பாதிக்கு மேல் உண்ணவில்லை. ஸ்மூதிச் செய்முறைகள் ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பொருட்கள் இருந்தன. நானும் பப்பாசி, வாழை, முருங்கையிலை, பேரீச்சை, நிலக்கடலை, தயிர் என்று ஒன்றும் விடாமல் சேர்த்தேன். சத்துக் கணக்கு நிறைவாக இருந்தது. நிறம் சேற்றுப் பச்சையாக இருந்தது. ஒருநாள் கரண்டியை இடக்கையால் விலக்கிவிட்டுச் சொன்னார்: “எல்லாத்தையும் ஒண்டாக்கினால்... என்னத்தைத் தின்னுறன் எண்டு... எனக்கெப்பிடித் தெரியும்?”

அன்றிரவு அந்த வார்த்தைகள் என்னைத் தூங்கவிடவில்லை. 1990இல் மின்சாரம் நின்றுபோன குடாநாட்டில் ஆண்டுக்கணக்கில் அம்மியில் அரைத்து ஒரு குடும்பத்துக்குச் சமைத்தவர் அவர். தேங்காய்ப்பூவின் பருமனைக் கையால் தடவியே இது சம்பலுக்கு, இது குழம்புக்கு என்று சொல்லக்கூடியவர். மெல்லுதல் போயிற்று, உணவின் வடிவம் போயிற்று. அவருக்கு எஞ்சியிருந்தவை பெயரும் மணமும் சுவையும் மாத்திரமே. எல்லாவற்றையும் அரைக்கவல்ல இயந்திரம் கையிலிருக்கிறது என்பதற்காக, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து அந்த மூன்றையும் நானே பறித்துவிட்டேன்.

மறுநாள் முதல் ஒரு வேளைக்கு ஒரு பழம் என்றாக்கினேன். தயிரோ பாலோ துணைக்கு வரலாம். இன்னொரு பழம் வரக்கூடாது. வெட்டுமுன் பழத்தை முழுதாக அவர் மடியில் வைப்பேன். தடவிப்பார்ப்பார், முகர்ந்துபார்ப்பார். சில வேளைகளில், “இது காணாது, நாளைக்கு வெட்டு” என்று திருப்பித் தருவார். இலைக்கஞ்சி வேறு வேளையில், அதற்குரிய பெயரோடு வந்தது. பழம் தனிக் கோப்பை, இலை தனிக் கோப்பை. இரண்டு வாரங்களில் கோப்பைகள் வெறுமையாகத் திரும்பின.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று செய்த வேலை என்று அமைச்சர் கூறியதை உலகமே சிரித்துக்கொண்டு வாசித்தது. எங்கள் வீட்டில் அக்காவின் பதினொரு மணிக் கோப்பைக்கு வெட்டிய பப்பாசி சாடியில் கிடந்தது. நான் செய்வதறியாது நின்றேன். அக்கா சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, “அரிதட்டு” என்றார். கொண்டுவந்தேன். பழத்தை நெய்யரியின் மேல் வைத்து அகப்பையின் பின்புறத்தால் தேய்க்கும்படி சைகை காட்டினார். தேய்த்தேன். “மெல்ல... ஒரே பக்கமாய்” என்றார். அரை மணி நேரத்தில் அரிதட்டின் அடியில் பொன்னிறக் களி சேர்ந்தது. முள்ளுக்கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். மேடாக நின்றது; சொட்டவில்லை. இரண்டு வார விசாரணையும் 1400 வாற்றும் செய்த வேலையை, பழுத்த பப்பாசியைப் பொறுத்தவரை, ஓர் அரிதட்டு செய்து முடித்தது. முருங்கையிலையை அது செய்யாது என்பது உண்மை. ஆயினும் அன்று அந்தக் களியை உண்டபோது அக்காவின் முகத்திலிருந்தது பசி தீர்ந்த திருப்தி மட்டுமன்று. தம்பிக்கு மீண்டும் ஒன்றைக் கற்றுக்கொடுத்த திருப்தியும் அதிலிருந்தது.

ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள் வந்தன. ஒன்றை எடுத்து அக்காவின் மடியில் வைத்தேன். நெடுநேரம் கையில் வைத்திருந்தார். காம்படியை மூக்கருகே கொண்டுசென்றார். “வெட்டு” என்றார். “இப்ப போடப்போறன், அக்கா” என்று சொல்லிவிட்டுச் சென்று, வேறெதுவும் சேர்க்காமல், அந்த ஒரு பழத்தை மட்டும் அரைத்துக் கொண்டுவந்தேன். அந்த வேளையில் மருமகன் தொலைபேசியின் திரையில் இருந்தான். முதல் கரண்டியை விழுங்கியபின் அவர் கண்களை மூடிக்கொண்டார். புரையேறிவிட்டதோ என்று நாங்கள் இருவரும் இரு கண்டங்களில் ஒரே கணத்தில் பதறினோம்.

“என்னம்மா?” என்றான் அவன்.

“எங்கட வீட்டுக் கிணத்தடி மரத்து மாம்பழம் மாதிரிக் கிடக்கு” என்றார் அக்கா. ஒரு சொல்லும் தடக்கவில்லை.

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்தார்.